கத்தரிக்காய் கூடாது

ஆஸ்பத்திரிக்கு வந்து போகிறவர்களுக்குத் திருப்தியா இல்லையா என்று அந்தக் காலத்தில் யாரும் விசாரித்ததில்லை. தீவுச் சனங்களிடம் அதை விசாரிக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. மருந்தை வாங்கிக்கொண்டு வெளியே போய், வாசலில் நின்ற வேப்பமரத்தடியில் கூடுவார்கள். ஊசி போடும் அறையின் ஜன்னல் அந்த மரத்தைப் பார்த்தபடி இருந்தது அவர்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, எனக்குக் கேட்கும்படி தீர்ப்புச் சொல்லுவார்கள்.

"உதென்ன மருந்து? வெறும் சீனித்தண்ணி."

"டொக்டர் நாடியே பிடிக்கேல்லை. குழாயை வைச்சுப் பாத்திட்டு விட்டிட்டார்."

"பாவம், சின்னப் பொடியன். இனித்தான் பழக வேணும்."

நான் முன்கோபக்காரி. கையில் ஊசியுடன் ஜன்னலால் தலையை நீட்டி, "சீனித்தண்ணி எண்டால் தேத்தண்ணிக்கு விட்டுக் குடியுங்கோவன்!" என்பேன். அவர்கள் கோபிக்கமாட்டார்கள், சிரிப்பார்கள். அடுத்த கிழமையும் அதே மரத்தடிக்கு வருவார்கள். எனக்கு அவர்களை மிகவும் பிடித்திருந்தது. அவர்களுக்கும் என்னைப் பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். இல்லாவிட்டால் அவ்வளவு மீன் கொண்டுவந்து தந்திருக்கமாட்டார்கள்.

நான் தீவுப்பகுதிக்குத் தாதியாக மாற்றலாகி வந்தது அறுபதுகளில். தீவுக்கு மாற்றம் என்றால் அப்போது தாதிமார் அழுவார்கள். நானும் பண்ணைப் பாலத்தால் பஸ்ஸில் வரும்போது இரண்டு பக்கமும் கடலைப் பார்த்து அழுதுகொண்டுதான் வந்தேன். வந்த கிழமையே அழுகை நின்றுவிட்டது. விடுதியில் சமைத்த பெண் முதல் நாள் வைத்த ஒட்டி மீன் குழம்புக்கு அதில் பெரிய பங்கு உண்டு. பின்னேரங்களில் வரும் காற்றுக்கும் உண்டு. ஞாயிறுகளில் மற்றத் தாதிமாருடன் சாட்டிக் கடற்கரைக்குப் போய், சேலையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு அலையில் நின்று கத்துவேன். என் வாழ்வில் அவ்வளவு உரக்கச் சிரித்த காலம் வேறு இல்லை.

ஆஸ்பத்திரி சிறியது. அதன் பெயர் இங்கே வேண்டாம். வெளிநோயாளர் மண்டபத்தில் நீள வாங்குகள் போட்டிருக்கும். அவற்றில் ஒரு பக்கம் தோட்டக்காரர், மறுபக்கம் கடற்தொழிலாளர் என்று தாங்களாகவே பிரிந்து உட்கார்ந்திருப்பார்கள். டொக்டர் இளைஞர். வேர் யாழ்ப்பாணத்தில், வளர்ந்தது கொழும்பில். தமிழை எழுத்தில் இருப்பதுபோலவே பேசுவார். யாரையும் அதட்டமாட்டார். அதட்டும் வேலை முழுவதும் என் தலையில்தான் இருந்தது.

அவரை வாட்டிய விஷயம் ஒன்றுதான். சனங்கள் மருந்தை முடிப்பதில்லை. நெஞ்சு நோய்க்கு மாதக்கணக்கில் குளிசை போட வேண்டும். கொஞ்சம் இருமல் குறைந்ததும் விட்டுவிடுவார்கள்.

"குளிசை முடிஞ்சுதோ அண்ணை?"

"கிடக்கு மிஸி."

"ஏன் கிடக்கு?"

"எனக்குச் சுகமாப் போச்சு. அதுதான் மிச்சத்தைப் பத்திரமா எடுத்து வைச்சிருக்கிறன். வீட்டில வேற ஆருக்கும் வந்தால் உதவுமெல்லே."

நான் வாங்கே அதிரக் கத்துவேன். அந்த அண்ணை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மிஸி நல்ல மனிசி, வாய்தான் கொஞ்சம்" என்று மரத்தடியில் போய்ச் சொல்லுவார்.

டொக்டருக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அது பத்தியம். நாட்டு வைத்தியத்தில் ஊறிய சனங்கள், நோய் என்றதுமே முட்டையை விடுவார்கள், பாலை விடுவார்கள், மீனை விடுவார்கள். ஏற்கெனவே மெலிந்த உடம்பு இன்னும் மெலியும். ஆகவே அவர் ஒவ்வொருவருக்கும் கடைசியாக ஒரு வசனம் சொல்லுவார். "எல்லாம் சாப்பிடலாம். விரும்பியதைச் சாப்பிடுங்கள்." அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் ஒரு அன்பு தெரியும். மருந்தோடு சேர்த்து ஒரு பரிசும் கொடுத்து அனுப்புவதாக அவர் நினைத்திருந்தார்.

அந்த நாட்களில்தான் புளியங்கூடலிலிருந்து ஒரு இளம்பெண் வந்தாள். தோட்டக்காரர் ஒருவரின் மனைவி. முதற்பிள்ளை பெற்றுச் சில மாதங்கள்தான். இருமலோடு இரத்தம் வந்திருந்தது. சனங்கள் கசம் என்று சொல்லும் சயரோகம். சளியில் கிருமி இருந்ததால் கைக்குழந்தையை உடனே பிரிக்க வேண்டியிருந்தது. புங்குடுதீவில் கலியாணம் செய்திருந்த அவளுடைய அக்கா வந்து, குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பஸ் பிடித்து வந்து, வீட்டுப் படலைக்கு வெளியே நின்று பிள்ளையைக் காட்டிவிட்டுப் போவாள்.

இவள் தினமும் காலையில் ஊசிக்கு வருவாள். வேறு நோயாளிகள் எப்போது சுகம் வரும் என்று கேட்பார்கள். அவள் அதைக் கேட்டதே இல்லை.

"மிஸி, எப்ப தூக்கலாம்?"

"குளிசையை ஒழுங்காப் போட்டு, சளி சுத்தமெண்டு வந்தாத் தூக்கலாம்."

"வந்திடுமோ?"

"நீர் போட்டால் வரும்."

ஒவ்வொரு நாளும் இதே கேள்வி, இதே பதில். எனக்கே சில நாளில் எரிச்சல் வரும். "நேற்றுச் சொன்னதுதான் இண்டைக்கும்" என்பேன். அவள் கையை நீட்டுவாள். ஊசி குத்தும்போது முகத்தைக்கூடச் சுளிக்கமாட்டாள்.

மருந்து வேலை செய்தது. காய்ச்சல் நின்றது, கன்னத்தில் சதை தெரிந்தது. சளியில் கிருமி இன்னும் முற்றாகப் போகவில்லை என்றாலும் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஒரு நாள் டொக்டர் அவளைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி, முகம் மலரச் சொன்னார்.

"இனி ஊசி வேண்டாம். குளிசை மட்டும் போதும். வீட்டிலேயே இருக்கலாம்."

அவள் அவரையே பார்த்தாள்.

"எல்லாம் சாப்பிடலாம். உமக்கு விருப்பமானது எதுவானாலும் சாப்பிடும்."

"விருப்பமானது எல்லாமோ டொக்டர்?"

"எல்லாம். ஒரு தடையும் இல்லை."

அவளுடைய கண் நிறைந்துவிட்டது. எழுந்து இரண்டு கையாலும் அவரைக் கும்பிட்டாள். என்னையும் கும்பிட்டாள். குளிசையை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள். டொக்டரும் நானும் அன்று முழுவதும் உற்சாகமாக இருந்தோம். அவர் எனக்குத் தேநீர் வருவித்துத் தந்தார்.

அடுத்த கிளினிக் நாளில் அவள் வரவில்லை. அதற்கடுத்த கிளினிக்கிற்கும் வரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவளும் அந்த அண்ணையைப் போலக் குளிசையைப் பத்திரப்படுத்தி வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். லீவு நாளன்று புளியங்கூடல் பஸ்ஸில் ஏறினேன். வழி நெடுக, அவளை எப்படி ஏசுவது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

ஒழுங்கைக்குள் திரும்பியதும் என் கால் நின்றுவிட்டது. அவள் வீட்டு வேலியோரம் முழுவதும் சைக்கிள்கள். முற்றத்தில் பெண்கள் கூட்டமாக இருந்தார்கள். ஆண்கள் மாமரத்தடியில் தாழ்ந்த குரலில் கதைத்துக்கொண்டு நின்றார்கள். படலைக்கு வெளியே அவளுடைய அக்கா, தோளில் குழந்தையுடன், அழுது வீங்கிய முகத்துடன் நின்றாள். செத்த வீடு என்று என் மனம் சொல்லிவிட்டது. ஏசுவதற்காக வைத்திருந்த வசனம் ஒன்றும் வாயில் இல்லை.

உள்ளே போனேன். முற்றத்து நடுவில் ஒரு கதிரை. அதில் அவள் இருந்தாள். கையில் ஒரு பெரிய நண்டுக்கால். கண் சிவந்திருந்தது. ஆனால் வாய் அசைந்துகொண்டுதான் இருந்தது.

"வாங்கோ மிஸி" என்றாள், நண்டை மென்றபடி.

குசினிக்குள் இருந்து ஒடியல் கூழ் வாசம் வந்தது. அவளைச் சுற்றிப் பயற்றம் பணியாரம், மாம்பழம், பொரித்த முட்டை, வேலணையிலிருந்து ஒன்றுவிட்ட சித்தி கொண்டுவந்த பால்ரொட்டி. உறவினர் எல்லோரும் அவள் சாப்பிடுவதைக் கண்ணீரோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன நடக்குது இஞ்சை?" என்றேன்.

மாமியார் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களும் எவ்வளவோ பாத்தியள் மிஸி. உங்களிலை குறை இல்லை. விதி."

"என்ன விதி?"

"ஊசியையும் நிப்பாட்டியாச்சு. விரும்பினதைச் சாப்பிடு எண்டு டொக்டரும் சொல்லிப்போட்டார். என்ரை மனிசனுக்கும் பரியாரியார் இதைத்தான் சொன்னவர். 'இனிப் பத்தியம் இல்லை, ஆசைப்பட்டதைக் குடுங்கோ' எண்டவர். அந்தக் கிழமையே மனிசன் செத்துப்போச்சுது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தீவில் மட்டுமல்ல, என்னுடைய ஊரிலும் அதுதானே வழக்கம். நாட்டு வைத்தியம் செய்யும் பரியாரியார் ஒரு நோயாளியைக் கைவிடும்போது, செத்துப்போவான் என்று வாயால் சொல்லமாட்டார். பத்தியத்தை எடுத்துவிடுவார். ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்பார். வீட்டார் விளங்கிக்கொண்டு இனசனத்துக்குச் சொல்லி அனுப்புவார்கள். டொக்டர் தம் அன்பையெல்லாம் கொட்டிச் சொன்ன அந்த வசனம் இந்த முற்றத்தில் மரண அறிவித்தலாக வந்து விழுந்திருந்தது.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவள் அன்று எங்களைக் கும்பிட்டது நன்றிக்காக அல்ல, விடைபெறுவதற்காக.

"குளிசை எங்கை?" என்றேன்.

"அலுமாரிக்குள்ள கிடக்கு மிஸி. சாகப்போற பிள்ளைக்கு ஏன் வீணா வயித்தெரிவு எண்டு விட்டிட்டம்."

நான் சொன்னேன். நோய் மாறிக்கொண்டு வருகிறது, அதனால்தான் ஊசி நின்றது, உடம்பு தேறத்தான் சாப்பிடச் சொன்னது என்று நின்று விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவரும் நம்பவில்லை. "மிஸி ஆறுதலுக்குச் சொல்லுறா" என்று ஒரு கிழவி பக்கத்தில் இருந்தவளுக்குச் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. கதிரையில் இருந்தவள் படலைப் பக்கம் பார்த்தாள். அவளும் நம்பவில்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்கு உண்மையில் பயம் பிடித்தது. குளிசையை விட்டு இவ்வளவு நாளாகிவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் விட்டால், இவர்கள் நினைத்துக்கொண்டிருப்பதே நடந்துவிடும்.

நான் திரும்பினேன். காலில் ஏதோ தட்டுப்பட்டு விழப்பார்த்தேன். குனிந்து பார்த்தால் ஒரு பனையோலைக் கடகம் நிறையக் கத்தரிக்காய். அவளுடைய புருசன் தோட்டத்தில் அந்த முறை கத்தரி அள்ளிக் கொட்டியிருந்தது. இருந்த கோபமெல்லாம் அந்தக் கடகத்தின் மேல் திரும்பியது.

"ஆர் இவவுக்குக் கத்தரிக்காய் குடுத்தது?" என்று கத்தினேன்.

எல்லோருடைய தலையும் கடகத்தின் பக்கம் திரும்பியது.

"கத்தரிக்காய் கூடாது!"

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. வாய் முந்திவிட்டது. ஆனால் அந்த வார்த்தை விழுந்ததும் அங்கே நடந்ததை நான் எத்தனை வயதானாலும் மறக்கமாட்டேன். மாமியார் மெதுவாகக் கேட்டாள்.

"என்ன மிஸி? கூடாதோ?"

"கூடவே கூடாது. மணமும் படக் கூடாது. குளிசை போடுற காலம் முழுக்க வாயில வைக்கக் கூடாது."

"அப்ப... பத்தியம் கிடக்கோ?"

"கிடக்கு."

"பிள்ளைக்குப் பத்தியம் கிடக்காம்!" என்று அவள் கூட்டத்தைப் பார்த்துக் கூவினாள். "அப்ப பிள்ளை தப்புவாள்!"

பெண்கள் எழுந்தார்கள். ஒருத்தி கடகத்தைத் தூக்கிக்கொண்டு வளவுக்கு வெளியே ஓடினாள். மாமியார் அவிழ்ந்து கிடந்த கொண்டையை முடிந்துகொண்டு குசினிக்குள் போய், எந்தச் சட்டியில் கத்தரிக்காய் பட்டதோ அந்தச் சட்டியைக் கொண்டுவந்து கிணற்றடியில் போட்டாள். கதிரையில் இருந்தவள் நண்டுக்காலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் கண்ட வெளிச்சத்தை எந்த ஊசியாலும் நான் வரவழைத்ததில்லை.

பிறகு கேள்விகள் தொடங்கின. நண்டு? நண்டு சாப்பிடலாம். முட்டை? கட்டாயம் சாப்பிட வேணும். பால்? குடிக்காவிட்டால் பிழை. எல்லாவற்றுக்கும் நான் ஓம் சொல்லச் சொல்ல அவர்களுடைய முகம் மறுபடி வாடத் தொடங்கியது. ஒரு தடை போதவில்லை என்று விளங்கியது. ஆகவே குரலை உயர்த்தி இன்னொன்று சொன்னேன்.

"குளிசையை ஒரு நாளும் விடக் கூடாது. ஒரு நாள் விட்டாலும் பத்தியம் முறியும்."

"ஐயோ, விடுவமோ!" என்றாள் மாமியார்.

அந்த இளம்பெண்ணின் புருசன் மாமரத்தடியிலிருந்து தயங்கித் தயங்கி வந்தார்.

"தோட்டம் முழுக்க உதுதானே மிஸி நிக்குது. காத்து இஞ்சாலைப் பக்கம்தான் அடிக்குது. பறவாயில்லையோ?"

பறவாயில்லை என்றேன். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன்.

இதைக் கேட்ட டொக்டர் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தினார்.

"அப்படியென்றால் இவ்வளவு காலமும் அந்த வாங்கில் இருந்தவர்களுக்கெல்லாம் நான் என்ன சொல்லியிருக்கிறேன்?"

இருவரும் யோசித்தோம். ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். காலில் புண்ணோடு வந்த கத்தோலிக்கக் கடற்தொழிலாளி ஒருவர் பாதியில் நின்றுவிட்டிருந்தார். விசாரித்தால், விரும்பியதைச் சாப்பிடச் சொன்ன அன்றே வீட்டுக்குப் போய்ச் சுவாமியாரை அழைத்து அவஸ்தைப்பூசுதல் வாங்கியிருக்கிறார். காலில் புண் இருந்த மனிதர், கடைசி நேரத்துக்குரிய சடங்கை முடித்துக்கொண்டு, கட்டிலில் கிடந்து சாவை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். சாவு வராததால் அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்ததாம். ஆள் அனுப்பிக் கூப்பிட்டு, "சுருட்டு கூடாது" என்று டொக்டர் சொன்னதும், அவர் எழுந்து நின்று, "அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே ஐயா" என்றார்.

டொக்டர் பொய் சொல்லமாட்டார். கத்தரிக்காய் விஷயம் அவருக்கு உள்ளூரப் பிடிக்கவே இல்லை. "உம்முடைய கத்தரிக்காயை நீரே வைத்துக்கொள்ளும்" என்றுவிட்டார். ஆனால் உண்மையான தடைகள் அவரிடம் வேண்டிய அளவு இருந்தன. முன்பெல்லாம் அவற்றை, குறைத்தால் நல்லது என்று மெல்லச் சொல்லுவார். இப்போது விரலை உயர்த்திச் சொன்னார். சலரோகக்காரருக்குப் பனங்கட்டி கூடாது. இரத்த அழுத்தம் உள்ளவருக்குக் கருவாடு கூடாது. நெஞ்சு நோய்க்காரர் எல்லோருக்கும் சுருட்டும் கள்ளும் கூடாது. தும்மலும் தடிமனுமாக வந்தவர்களுக்குத்தான் என்ன சொல்வது என்று தடுமாறினார். அவர்கள் எழும்பாமல் வாங்கிலேயே காத்திருந்தார்கள். கடைசியில், "தலைக்கு முழுக வேண்டாம்" என்றார். திருப்தியோடு எழுந்து போனார்கள்.

வேப்பமரத்தடியின் பேச்சு மாறிவிட்டது.

"டொக்டர் இப்ப நல்லாப் பழகியிட்டார்."

"மருந்தும் முந்தியைப் போல இல்லை. இப்ப நல்லாக் கேக்குது."

நான் ஜன்னலால் தலையை நீட்டி, "அதே போத்தல்தான்! அதே மருந்துதான்!" என்றேன். டொக்டர் அறைக்குள்ளிருந்து, "பேசாமல் இரும்" என்றார். அவர் முகத்திலும் சிரிப்பு.

குளிசை போடாமல் விட்ட நாட்களுக்காகப் புளியங்கூடல் பெண்ணுக்கு மறுபடி ஊசி தொடங்க வேண்டியிருந்தது. வீட்டாருக்கு அதில் பெரிய சந்தோசம். மாமியார் கூடவே வந்து, ஊசி போடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போவாள். குளிசை நேரம் தவறாது. அவள் போட மறந்தாலும் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் கூப்பிட்டுக் கேட்பாள். பத்தியம் என்பது ஒரு ஆளின் காரியம் அல்ல. வீடு முழுவதும், ஒழுங்கை முழுவதும் சேர்ந்து காப்பது. நானும் டொக்டரும் தனியே நின்று எவ்வளவு கத்தியும் நடக்காததை அந்த ஒழுங்கை சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது.

எல்லாம் நன்றாகப் போகிறது என்று நான் மகிழ்ந்திருந்தபோது ஒரு நாள் அவளுடைய புருசன் சைக்கிளில் வியர்க்க விறுவிறுக்க வந்து இறங்கினார். முகம் செத்துப்போயிருந்தது. கையிலிருந்த குளிசைப் பையை என் மேசையில் வைத்தார்.

"உதுகளை வேற ஆருக்கும் குடுங்கோ மிஸி. இனிப் பிடியாது."

"என்ன நடந்தது?"

"பத்தியம் முறிஞ்சு போச்சு."

செத்துப்போன சொந்தக்காரர் ஒருவரின் அந்தியேட்டிச் சாப்பாடு வீட்டுக்கு வந்திருக்கிறது. சாம்பாற்றைச் சோற்றில் விட்டு எல்லோரும் சாப்பிட்டுவிட்டார்கள். அடியில் பார்த்தால் கத்தரிக்காய்த் தோல். அவள் அன்றிலிருந்து குளிசையைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளை வந்தபோது வெளியே போய்ப் பார்க்கவும் இல்லையாம், அறைக்குள்ளேயே கிடந்தாளாம்.

 டொக்டரிடம் ஓடினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீர் போட்ட முடிச்சு. நீரே அவிழும்."

கத்தரிக்காயால் ஒன்றும் ஆகாது என்று இப்போது சொன்னால், பத்தியமே பொய் என்றாகிவிடும். பத்தியம் பொய்யென்றால் அவள் சாகப்போவது மெய் என்றாகிவிடும். மருந்து அறை வாசலில் நின்று யோசித்தேன். அலுமாரித் தட்டில் ஒரு பெரிய போத்தல் இருந்தது. பசி எடுக்கக் கொடுக்கும் கசப்புக் கலவை. அதை ஒருமுறை குடித்தவர் மறுமுறை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். பத்தியம் முறிந்தால் பரியாரியார் முறிப்பு மருந்து கொடுப்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். டொக்டரைப் பார்த்தேன். அவர் போத்தலைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார்.

"பசிக்கு நல்லதுதான். கொடும்" என்றார்.

ஒரு போத்தலில் ஊற்றிக் கொண்டுவந்து புருசனிடம் கொடுத்தேன்.

"இது முறிப்பு. சாப்பாட்டுக்கு முதல் ஒவ்வொரு கரண்டி. குடிச்ச உடனை குளிசை தொடங்க வேணும்."

அவர் சந்தேகத்தோடு பார்த்தார்.

"கசக்குமோ?"

"குடிச்சுப் பாருங்கோ."

உள்ளங்கையில் ஒரு துளி விட்டு நக்கினார். முகம் ஒரு பக்கமாகக் கோணியது. கண்ணில் தண்ணீர் வந்தது. துப்ப இடம் தேடி ஓடினார். திரும்பி வந்தபோது அந்த மனிதர் மலர்ந்துபோயிருந்தார்.

"உது மருந்து!" என்றார்.

அன்று அந்த வீட்டில் சாம்பாறு சாப்பிட்ட எல்லோரும், எதற்கும் இருக்கட்டும் என்று ஆளுக்கு ஒரு கரண்டி குடித்தார்களாம். போத்தல் விரைவில் முடிந்து, மறுபடி வாங்க வந்தார்கள். வீடு முழுவதும் பசி தாங்கமுடியவில்லை என்று மாமியார் என்னிடம் முறைப்பாடு வைத்தாள்.

அதன் பிறகு முறியவில்லை. மாரி வந்து போனது, பனம்பழம் விழும் காலம் வந்து போனது. சளி சுத்தம் என்று ஒரு முறை வந்தது. டொக்டர் நம்பாமல் மறுபடி அனுப்பினார். மறுபடியும் சுத்தம் என்றே வந்தது. அந்தச் செய்தி வந்ததும் நான் புங்குடுதீவுக்குச் சொல்லி அனுப்பினேன். மறுநாள் பிள்ளையோடு வந்து மரத்தடியில் நிற்கும்படி அவளுடைய அக்காவுக்குச் செய்தி.

டொக்டர் அவளைக் கதிரையில் இருத்தினார். முகம் மலர, "உமக்குச் சுகம். இனி எல்லாம்..." என்று தொடங்கினார். நான் இருமினேன். அவர் வசனத்தை அப்படியே விழுங்கி, "இனிக் கத்தரிக்காய் சாப்பிடலாம்" என்றார்.

அது அவள் காதில் ஏறவே இல்லை.

"தூக்கலாமோ டொக்டர்?"

"தூக்கலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். "மிஸி, நீங்கள் சொல்லுங்கோ."

"தூக்கலாம். போம்!" என்று கத்தினேன். 

அவள் வெளியே ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். மரத்தடியில் அக்கா நின்றாள். பிள்ளை இப்போது கைக்குழந்தை இல்லை. தானே நின்றது. கையில் பாதி கரைந்த விசுக்கோத்து. தாயைக் கண்டதும் அதன் முகம் முழுவதும் சிரிப்பாயிற்று. தாய் கைகளை விரித்துக்கொண்டு கிட்டப் போனாள். பிள்ளை கலகலவென்று சிரித்தபடி திரும்பி, தத்தித் தத்தித் தூர ஓடிப்போய், ஆஸ்பத்திரிப் படலையடியில் நின்று கைதட்டியது.

தாய் இன்னும் கிட்டப் போனாள். பிள்ளை இன்னும் தூரப் போனது. அங்கே நின்று மறுபடி கைதட்டியது.

மரத்தடியில் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"அதுக்கு நீ தூர நிண்டு கைதட்டுற ஆள்தானே" என்றாள் தங்கையிடம். "கிட்ட வாறது அதுக்குத் தெரியாது."

ஒருவரும் பிறகு சிரிக்கவில்லை. தாய் நின்ற இடத்தில் நின்றாள். கைகள் விரித்தபடியே இருந்தன.

"வரட்டும் அக்கா. நான் நிக்கிறன். அதுவா வரட்டும்" என்றாள்.

எனக்கு எங்கே அந்தப் பொறுமை? படலையடிக்குப் போய்ப் பிள்ளையை அப்படியே அள்ளினேன். அது அழுதபடி திமிறத் திமிறக் கொண்டுவந்து தாயின் கையில் வைத்தேன். அவள் வாங்கிய மறுகணமே முகத்தை மற்றப் பக்கம் திருப்பி, சேலைத் தலைப்பால் வாயை இறுக மூடிக்கொண்டாள். பிள்ளையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தாள். தினமும் காலையில் ஊசி போடும்போது நான் சொல்லிச் சொல்லிப் பழக்கியது அது. அந்தத் தலைப்பைப் பிடித்து நானே இழுத்துவிட்டேன்.

"திரும்பும். பிள்ளை பாக்கட்டும்."

அவள் திரும்பினாள். பிள்ளை அழுவதை நிறுத்திவிட்டு, அந்த முகத்தை அவ்வளவு கிட்டத்தில் உற்றுப் பார்த்தது. மூக்கைத் தொட்டது. பிறகு, கையில் எச்சிலோடு கரைந்துகொண்டிருந்த விசுக்கோத்தை அவள் வாய்க்குள் திணித்தது. அவள், அனுமதி கேட்பவள்போல என்னைப் பார்த்தாள். நான் கூடாது என்று சொல்லவில்லை. அவள் அதை மென்று தின்னத் தொடங்கினாள்.